கடைசி என்ற சொல்லைக் கழற்றிவிட்டு

"கோல்ட்ரேனோட கடைசிப் பதிவுடா இது. சாகறதுக்கு மூணு மாசம் முன்னாடி வாசிச்சது. கேளு, அழுதுடுவ."

குறுந்தகட்டைக் கையில் திணித்துவிட்டு நண்பன் போய்விட்டான். நான் அழவில்லை. பதினோராவது நிமிடத்தில் நிறுத்திவிட்டுத் தலைவலி மாத்திரை தேடினேன். மறுநாள் மறுபடி போட்டேன், இந்த முறை ஒன்பதாவது நிமிடம்வரைதான். சகிப்புத்தன்மை கூடும் என்று நினைத்தால் குறைந்துகொண்டு வந்தது. தகட்டை அலமாரியில் வைத்தேன். அடுத்து எடுக்க இரண்டு வருடம் ஆயிற்று.

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'தி ஒலாதுன்ஜி கான்சர்ட்' பற்றித்தான் சொல்கிறேன். 1967 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை. இடம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 125ஆம் தெரு. நைஜீரியாவிலிருந்து வந்து அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்ற டிரம்ஸ் கலைஞர் பாபாதுண்டே ஒலாதுன்ஜி அங்கே ஆப்பிரிக்கப் பண்பாட்டு மையம் ஒன்றை நடத்திவந்தார். கோல்ட்ரேனுக்கு அவர்மேல் பெருமதிப்பு. 1962இலேயே 'துன்ஜி' என்று ஒரு உருப்படி செய்து அவருக்குக் காணிக்கையாக்கியிருந்தார். மையத்தில் நடந்த கச்சேரியைப் பெர்னார்ட் டிரேட்டன் என்ற ஒலிப்பதிவாளர் டேப்பில் பிடித்தார். பியானோ கலைஞர் பில்லி டெய்லரோடு தொடர்புடைய டபிள்யூ.எல்.ஐ.பி. வானொலியில் ஒலிபரப்புவதற்காக எடுத்தது. இம்பல்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அதைக் குறுந்தகடாக வெளியிட்டபோது 2001 ஆகிவிட்டது. 34 வருடம்.

அதில் இரண்டே உருப்படிகள். 'ஒகுண்டே' 28 நிமிடம் 25 விநாடி. 'மை ஃபேவரிட் திங்ஸ்' 34 நிமிடம் 38 விநாடி. சில வாரம் முன்பு, மார்ச் மாதத்தில், இதே 'ஒகுண்டே'யை ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். அங்கே அது நான்கு நிமிடம்கூட இல்லை. ஆஃப்ரோ-பிரேசிலியப் பாடல் ஒன்றிலிருந்து எடுத்த மெட்டு, அமைதியாக எழுந்து அமைதியாக அடங்கும். அதைக் கேட்டுவிட்டு ஹார்லெம் பதிவுக்கு வருபவர், பழகிய வீட்டுக் கதவைத் திறந்ததும் உள்ளே வெள்ளம் ஓடுவதைப் பார்த்தவர்போல் நிற்பார்.

வாசித்தவர்கள்: கோல்ட்ரேன், டெனர், சொப்ரானோ ஆகிய இரு சாக்ஸபோன்கள். ஃபேரோ சாண்டர்ஸ் டெனர் சாக்ஸபோன். கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் பியானோ. ஜிம்மி கேரிசன் பேஸ். ரஷீத் அலி டிரம்ஸ். கூடவே ஆல்ஜி டெவிட், பாட்டா என்னும் யொருபா முழவு. பெயர்களைப் படிக்க எளிது. பதிவில் யார் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

முதலில் அந்த ஒலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மோசமான பதிவு. பழைய டேப்புகளுக்கென்று ஒரு வெதுவெதுப்பு இருக்குமே, அந்த வகை மோசம்கூட இல்லை. மைக்கின் தாங்குசக்திக்கு மேலே சத்தம் போயிருக்கிறது. ஒலி அலையின் உச்சி டேப்பில் அடங்காமல் வெட்டுப்படும்போது, மூல ஒலியில் இல்லாத புதிய மேல்சுரங்கள் அங்கே முளைக்கும். கரகரப்பு என்று நாம் சொல்வது அதைத்தான். ரஷீத் அலியின் சிம்பல்கள் தகரக்கூரையில் விழும் மழையாகிவிட்டன. பியானோ எங்கோ சுவருக்கு அந்தப் பக்கம். பேஸ் பல இடங்களில் வெறும் அதிர்வு. என் மகள் ஒருநாள் அறைக்குள் எட்டிப் பார்த்து, "அப்பா, ரேடியோ கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். ரேடியோவுக்காக எடுத்த பதிவுதான் அது என்று அவளிடம் சொல்லிப் பயனில்லை.

கெட்டுப்போனது எது என்ற அவளுடைய கேள்வி மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஏனென்றால் சாண்டர்ஸ் சாக்ஸபோனில் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். ஊதுவாயில் கட்டியிருக்கும் ரீடு என்ற நாணல் பட்டை, நம் நாகஸ்வரச் சீவாளிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அளவாக ஊதினால் ஒரு நேரத்தில் ஒரு சுரம் கொடுக்கும். அளவை மீறி ஊதி, உதட்டின் பிடியையும் தொண்டையின் வடிவத்தையும் மாற்றி, வழக்கமில்லாத விரலடைப்பும் போட்டால், குழாய்க்குள் இருக்கும் காற்றுத்தூண் ஒரே சுரத்தில் நிற்க முடியாமல் பிளக்கும். ஒரே மூச்சில் இரண்டு மூன்று சுரங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வெளியே வரும். கிறீச்சிடல் போலவும் இருக்கும், ஒரு கூட்டமே ஒரு வாயால் கத்துவது போலவும் இருக்கும். சாண்டர்ஸ் இதில் தேர்ந்தவர். ஆக, வாத்தியத்துக்குள்ளேயே ஒரு உடைசல். அதை வாங்கிக்கொண்ட மைக்கில் இன்னொரு உடைசல். ரீடின் கரகரப்பு எங்கே முடிந்து டேப்பின் கரகரப்பு எங்கே தொடங்குகிறது என்று என்னால் பல இடங்களில் சொல்ல முடியவில்லை. இன்றும் முடியாது.

சுத்தமாகப் பதிவாகியிருந்தால் நன்றாக இருந்திருக்குமா? ஆமாம், நன்றாகவே இருந்திருக்கும். "இந்தக் கரகரப்புதான் அழகு" என்று சிலாகிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ரசனை கைவரவில்லை. ஆலிஸின் இடது கை என்ன வாசிக்கிறது என்று தெரிந்துகொள்ள, கையில் இருப்பதில் பாதியைக் கொடுத்துவிடுவேன்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி எடுத்ததற்குக் காரணம் மெக்காய் டைனர். கோல்ட்ரேனின் புகழ்பெற்ற நால்வர் குழுவில் ஐந்து வருடத்துக்கு மேல் பியானோவில் உட்கார்ந்தவர். 1965 முடியும்போது விலகிவிட்டார். சத்தம்தான் காதில் விழுந்தது, அந்த இசையில் தன்னால் எதையும் சேர்க்க முடியும் என்று தோன்றவில்லை என்கிற பொருளில் பிறகு சொல்லியிருக்கிறார். அதைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்தவருக்கே சத்தமாகத் தெரிந்தது என்றால், சோஃபாவில் சாய்ந்துகொண்டு கேட்கிற நான் எம்மாத்திரம்! அடுத்த சில வாரங்களில் டிரம்ஸ் கலைஞர் எல்வின் ஜோன்ஸும் விலகினார். இன்னும் பின்னால் போனால், 1961 நவம்பரில் 'டவுன் பீட்' பத்திரிகையில் ஜான் டைனன் என்ற விமர்சகர், கோல்ட்ரேனும் அப்போது அவரோடு வாசித்த எரிக் டால்ஃபியும் வாசிப்பதை ஜாஸ்-எதிர்ப்பு என்றே எழுதிவிட்டார். இன்று 1961 பதிவுகளைக் கேட்டால் அதில் எதிர்க்க என்ன இருந்தது என்று புரியவில்லை. காது நகர்ந்துவிட்டது. இந்த 1967 பதிவுக்குத்தான் இன்னும் நகர மாட்டேன் என்கிறது.

தலைவலி இல்லாமல் முழுதாகக் கேட்டு முடிக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். முதலில், தாளம் எண்ணினேன். 'மை ஃபேவரிட் திங்ஸ்' மூன்று எண்ணிக்கையில் சுழலும் வால்ட்ஸ் மெட்டு. கோல்ட்ரேன் 1960இல் முதன்முதலாகச் செய்த பதிவில் எல்வின் ஜோன்ஸ் அதை எவ்வளவு முறுக்கினாலும் உள்ளே அந்த மூன்று இருந்துகொண்டே இருக்கும், கால் தானாக ஆடும். ஹார்லெமில் அந்த நம்பிக்கையோடு தொடையில் தட்டத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிடும். ரஷீத் அலி எண்ணிக்கையை வைத்து வாசிப்பவர் இல்லை. பல திசைத் தாளம் என்று கோல்ட்ரேன் அவரைப் பற்றிச் சொன்னதுண்டு. ஒருவர் வேகமாகப் போகலாம், இன்னொருவர் நிதானமாகப் போகலாம், இருவருக்குமே அவருடைய டிரம்ஸ் அடியில் நிலமாக இருக்கும். கேட்பவனுக்குத்தான் எங்கே கால் வைப்பது என்று தெரியாது.

பிறகு ஆலாபனையாகக் கேட்டுப் பார்த்தேன். தமிழில் ஜாஸ் பற்றிப் பேச உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் யாராவது இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். காரணமும் இல்லாமல் இல்லை. கோல்ட்ரேன் ரவிசங்கரின் இசையை ஆழ்ந்து கேட்டவர், 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். 'இந்தியா' என்ற உருப்படி உண்டு. ஆலிஸ் பிற்காலத்தில் துரியசங்கீதானந்தா என்ற பெயரோடு ஆசிரமமே நடத்தினார். ஆனாலும் அந்தச் சாவி இந்தப் பூட்டுக்குச் சேரவில்லை. ஆலாபனையில் சுருதி காலடியில் கிடக்கும், எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்து சட்ஜத்தில் நின்று மூச்சு வாங்கலாம். ராகம் என்ற வரம்பு இரண்டு பக்கமும் கூட வரும். இங்கே ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், யாரும் யாருக்கும் சுருதி பிடிக்கவில்லை. நமக்குத் தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிட்டால் தெரியாததும் தெரிந்துவிடும் என்ற நப்பாசைதான் அது.

மூன்றாவதாகச் செய்ததுதான் பெரிய தப்பு, ஆனால் அதுதான் முதலில் பலித்தது. நண்பன் சொன்னபடியே கேட்டேன். இவர் சாகப்போகிறார் என்று மனதில் ஊன்றிக்கொண்டு.

கோல்ட்ரேன் 1967 ஜூலை 17 அன்று கல்லீரல் புற்றுநோயில் இறந்தார். வயது 40. ஹார்லெம் கச்சேரிக்கும் அதற்கும் இடையே மூன்று மாதம்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டு கேட்டால் எல்லாம் உடனே விளங்கிவிடும். ஒவ்வொரு அலறலும் வலி. ஒவ்வொரு நீண்ட சுரமும் விடைபெறல். கரகரப்புகூட ஏதோ மறுகரையிலிருந்து வருவதுபோல ஆகிவிடும். முழு 63 நிமிடமும் அசையாமல் கேட்டேன். கண் கலங்கியதா என்று கேட்டால், கலங்கத்தான் செய்தது. நண்பனுக்கு ஃபோன் செய்து, "நீ சொன்னது சரிடா" என்றேன். அவனுக்கு ஏக சந்தோஷம்.

அதற்கடுத்த வாரம் கேட்கும்போதுதான் உறுத்தியது. 'ஒகுண்டே'யில் மெட்டை வாசித்துவிட்டுக் கோல்ட்ரேன் ஒதுங்கிக்கொள்ள, சாண்டர்ஸ் புகுந்து விளாசுகிறார். பதிவிலேயே கொடூரமான அலறல்கள் சில அவருடையவை. அப்போது அவருக்கு 26 வயது. அதற்குப் பிறகு அரைநூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, 2022இல்தான் காலமானார். அலறல் என்றால் சாவு என்றால், இந்த இளைஞன் எதற்கு அலறுகிறான்? நான் கண்ணீர்விட்ட இடங்களில் எத்தனை கோல்ட்ரேன், எத்தனை சாண்டர்ஸ் என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். கேவலமாக இருந்தது. ஆரோக்கியமான ஒருவருடைய குரலுக்குத்தான் பாதிக்கு மேல் அழுதிருக்கிறேன்.

பின்னோக்கிப் போனால் இன்னும் மோசம். 1965 ஜூனில் தன்னையும் சேர்த்துப் பதினோரு பேரை வைத்துக்கொண்டு 'அசென்ஷன்' பதிவு செய்தார், அதிலும் இதே அலறல் உண்டு. 1966 ஜூலையில் இதே ஐவர் குழு டோக்கியோவில் வாசித்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' 57 நிமிடம் ஓடும். ஹார்லெமுக்கு இரண்டே மாதம் முன்பு, பிப்ரவரியில், ரஷீத் அலியும் அவரும் மட்டுமாக 'இன்டர்ஸ்டெல்லார் ஸ்பேஸ்' பதிவு செய்தார்கள். சுத்தமான ஸ்டுடியோ ஒலி. அதில் கோல்ட்ரேன் வாசிப்பதைக் கேட்டால் புதுக் கணக்கு ஒன்றைக் கண்டுபிடித்தவன் பலகை முழுதும் எழுதித் தள்ளுவதுபோல் இருக்கும். நோயாளியின் முனகலை அதில் தேடிப் பிடிக்க முடியாது. வருடக்கணக்காக ஒரே திசையில் நடந்துகொண்டிருந்த மனிதரின் ஒரு நடையைத்தான் நான் பிடித்துவைத்துக்கொண்டு, இது மரண வாக்குமூலம் என்று படித்திருக்கிறேன்.

சரி, கடைசியாவது கடைசியா? அதுவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து, மே 7ஆம் தேதி, பால்டிமோர் நகரில் கோல்ட்ரேன் மறுபடி மேடையேறினார். அதன் பதிவு வெளிவந்ததில்லை. ஆக, குறுந்தகட்டின் அட்டையில் இருக்கும் 'கடைசி' என்ற சொல் நம் கையில் கிடைத்த டேப்பின் வரிசையைத்தான் சொல்கிறது. அன்று ஹார்லெமில் கூடியிருந்தவர்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கச்சேரி கேட்க வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள். அவர்கள் காதில் விழுந்ததை நான் கேட்க வேண்டுமானால் ஜூலை 17ஐ மறக்க வேண்டும். சொல்வது எளிது. தெரிந்த தேதியைத் தெரியாததாக்க யாருக்கு முடியும்? இருந்தாலும் முயற்சி செய்தேன்.

செய்தது இதுதான். சத்தத்தைக் குறைத்தேன். இப்படிப்பட்ட இசையை வீடு அதிரப் போட்டுக் கேட்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பதிவிலேயே ஒலி முட்டிக்கொண்டு நிற்கும்போது, ஸ்பீக்கரை ஏற்றினால் அந்த முட்டல்தான் பெரிதாகும். குறைத்துவைத்தால் காது தானாகக் கொஞ்சம் முன்னே சாயும். ஹெட்போனையும் கழற்றிவிட்டேன், அது எல்லோரையும் தலைக்குள் கொண்டுவந்து அடைத்துவிடுகிறது. அறைக்குள் ஒலி கொஞ்சம் பரவட்டும்.

இன்னொன்று, ஒரு கேட்புக்கு ஒரே ஆள். இன்று ரஷீத் அலி என்றால் ரஷீத் அலி மட்டும். சாக்ஸபோன் என்ன கத்தினாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. இப்படிக் கேட்டபோதுதான் அவர் வாசிப்பில் அடிகளை எண்ணுவதைவிட அடர்த்தியைக் கவனிப்பது பொருத்தம் என்று பட்டது. சிம்பலில் திரளும், ஸ்நேர் டிரம்மில் உடைந்து சிதறும், அடியில் பாஸ் டிரம் எங்கோ உருளும், மறுபடி திரளும். ஒருவருக்கு ஒத்தாசையாகத் திரள்கிறாரா, அவரை எதிர்த்துத் திரள்கிறாரா என்பதுதான் அங்கே நடக்கிற கதை. பாட்டா முழவும் அதற்குள்தான் எங்கோ இருக்கிறது. அதைத் தனியாகப் பிரித்தெடுக்க எனக்கு இன்னும் கைகூடவில்லை.

அதிகம் மெனக்கெட்டது ஆலிஸுக்கு. டைனர் விட்டுப்போன இடத்தில் வந்து உட்கார்ந்தவர். சிம்பலின் பேரிரைச்சல் பியானோவை மூடிவிடுகிறது. மென்மையான ஒலியை உரத்த ஒலி விழுங்குவது காதின் இயல்பு, அதிலும் இங்கே விழுங்குகிற ஒலி கிட்டத்தட்ட எல்லா அதிர்வெண்களிலும் பரவிக்கிடக்கிறது. பியானோ தொலைந்துவிட்டது என்று முதலில் நினைப்போம். ஆனால் காது பொறுமையானது. சிம்பல் கொஞ்சம் தணிகிற ஒவ்வொரு இடைவெளியிலும் பியானோவின் ஒரு கீற்று தெரியும். அடுத்த இடைவெளியில் இன்னொரு கீற்று. இந்தக் கீற்றுகளை மனம் கோத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டால், இடையில் மூடப்பட்ட இடத்திலும் அது ஓடிக்கொண்டிருப்பதாகவே கேட்கும். அடுக்கடுக்காக எழும்பி விழும் வாசிப்பு, வீணைத் தந்திகளை விரல் வழித்துக்கொண்டு போவதுபோல. அவர் பின்னாளில் ஹார்ப் வாசித்தார் என்பது தெரிந்ததால் எனக்கு அப்படித் தோன்றுகிறதா, நிஜமாகவே அங்கே அது இருக்கிறதா என்று கேட்டால் பதில் இல்லை. பாதியை நான்தான் இட்டு நிரப்புகிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன். இவ்வளவு சிரமப்பட்டு நான் வேறு எந்தப் பியானோவையும் கேட்டதில்லை என்பதும் உண்மை.

'மை ஃபேவரிட் திங்ஸ்' கதை வேறு. அது ஜிம்மி கேரிசனின் தனி பேஸில் தொடங்கும். ஏறக்குறைய ஏழு நிமிடம் அவர் மட்டும். பழைய நால்வர் குழுவிலிருந்து எஞ்சியவர் அவர் ஒருவர்தான். டைனர் போனார், எல்வின் ஜோன்ஸ் போனார், கேரிசன் நின்றார். தந்தியைச் சுண்டுகிறார், வழிக்கிறார், ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். அவசரமே இல்லை. மற்றவர்கள் நிறுத்திவிட்டதால் டேப்புக்கும் மூச்சு வருகிறது. பதிவிலேயே நன்றாகக் கேட்கிற பகுதி இதுதான். முதல் சில முறை நான் இதை ஓட்டிவிட்டு மெட்டுக்குத் தாவியவன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மெட்டு என்றேன். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' மேடை நாடகத்துக்காக 1959இல் ரோஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் செய்த பாட்டு. 1960 அக்டோபரில், திரைப்படம் வருவதற்குப் பல வருடம் முன்பே, கோல்ட்ரேன் அதை சொப்ரானோ சாக்ஸபோனில் வாசித்தார். ஈ மைனரில் கொஞ்ச நேரம் நிற்பது, ஈ மேஜரில் கொஞ்ச நேரம் நிற்பது என்று மெட்டைத் திறந்துவிட்டு, கிட்டத்தட்ட 14 நிமிடம் அதிலேயே உலவினார். அது பெரும் வெற்றி. அவரை யாரென்று ஜாஸ் வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்குக் காட்டிக்கொடுத்த பாட்டு. அதன்பின் ஏழு வருடமும் மேடையில் அதை விடவில்லை. 1965இல் வந்த படத்தில், இடி மின்னலுக்குப் பயந்து ஓடிவந்த பிள்ளைகளைத் தேற்றக் கதாநாயகி மரியா பாடுகிற பாட்டு இது. பிடித்தமானவற்றை நினைத்துக்கொண்டால் பயம் போய்விடும் என்பது அதன் சாரம்.

ஹார்லெமில் அந்தப் பாட்டே இடியாகிவிட்டது. கேரிசன் முடித்து எல்லோரும் உள்ளே புகுந்ததும், அந்தக் கரகரப்புக்கு மேலே சொப்ரானோ எழும்பும். மெட்டு தெரியும், ஆனால் தலையைக் காட்டிவிட்டு உடனே உள்ளே போய்விடும். சற்றுப் பொறுத்து வேறொரு துண்டு. கூட்டத்துக்குள் தெரிந்த முகம் ஒன்றைத் தேடி ஓடுவதுபோல நான் அதன் பின்னால் ஓடியிருக்கிறேன். அது கிடைத்துவிட்டால் எனக்குள் ஒரு ஆசுவாசம் வரும், பிள்ளைகள் மரியாவைக் கட்டிக்கொண்டதுபோல. கோல்ட்ரேனுக்கு அந்த ஆசுவாசம் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. பல நூறு முறை வாசித்த மெட்டு. மனப்பாடமான வழியில் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிற ஒருவருடைய தைரியம்தான் அதில் கேட்கிறது. வழியே இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

சாண்டர்ஸின் நீண்ட பகுதிகள் எனக்கு இன்னும் வசப்படவில்லை. வியக்கிறேன், எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். சில நாள் அதுவும் முடியாமல் தாண்டிவிடுகிறேன். ஃப்ரீ ஜாஸ் என்னும் இந்தக் கட்டற்ற ஜாஸின் ரசிகர்களில் சிலர் இப்படிச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள், முழுமையாகச் சரணடையாதவனுக்கு அனுமதி இல்லை என்பதுபோல. அவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும். புதிதாகக் கேட்கப் போகிறவர்களிடம் நான் இந்தத் தகட்டைக் கொடுக்கவும் மாட்டேன். 1960 பதிவில் தொடங்கி, டோக்கியோவின் 57 நிமிடத்தைத் தாண்டி, அப்புறமும் ஆசை மிச்சமிருந்தால் வாருங்கள். டோக்கியோவிலும் தொடக்கத்தில் கேரிசன் நெடுநேரம் தனியாக வாசிப்பார், அங்கே அவரைத் தெளிவாகக் கேட்டுப் பழகிக்கொண்டால் ஹார்லெமில் அடையாளம் தெரியும்.

சென்ற மாதம் நண்பன் வந்திருந்தபோது தகடு மேசைமேல் கிடந்தது.

"இன்னுமா இதைக் கேட்டுட்டிருக்க? அழுது தீரலையா?"

"அழறதை விட்டு ரொம்ப நாளாச்சுடா. நேத்து பியானோ கேட்டுச்சு."

"இதுல பியானோ இருக்கா?"

ஸ்பீக்கரைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டு 'ஒகுண்டே'யை முதலிலிருந்து போட்டேன். அவன் சத்தத்தை ஏற்றச் சொன்னான். நான் ரிமோட்டைக் கொடுக்கவில்லை.